கைத்தடியும் கடமையும்

தூர் மலைச் சாரலில் ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்களுடன் அல்லாஹுத்தஆலா உரையாடிய சம்பவத்தைத் திருக்குர்ஆனின் தாஹா அத்தியாயத்தில் நாம் ஓதி வருகின்றோம். நபித்துவம் என்னும் மாபெரும் பொறுப்பு ஒப்படைக்கப்படவிருந்த அந்த வேளையில், அன்னாரின் வலக்கரத்தில் இருப்பது என்ன என்று இறைவன் வினவினான். அது தம்முடைய கைத்தடி என்றும், அதன் மீது தாம் ஊன்றிச் சாய்ந்து கொள்வதாகவும், ஆடுகளுக்கு அதனால் இலை தழை உதிர்த்துப் போடுவதாகவும், இன்னும் வேறு பல தேவைகளும் தமக்கு அதில் உண்டென்றும் மூஸா (அலை) அவர்கள் விடை பகர்ந்தார்கள்.

இறைவன் அறியாமல் கேட்கவில்லை. அடுத்த கணம் பாம்பாக மாறவிருப்பது வெறும் மரத்தடிதான் என்பது அன்னாரின் உள்ளத்தில் உறுதிப்பட வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு கேட்கப்பட்டது என விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். அந்த விளக்கத்தோடு நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு படிப்பினையும் இதில் இருக்கின்றது. அனைத்தும் அறிந்த ரப்புல் ஆலமீன், கைத்தடியைப் பற்றிக் கைத்தடி வைத்திருப்பவரிடமே கேட்டான். அவர் தம் வாயால் அதன் உபயோகங்களைச் சொல்ல இடமளித்தான். ஒன்றும் அறியாத நாமோ, நம் வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே கடைக்குச் சென்று ஒரு தடியை வாங்கி வந்து, "இந்தாங்க வாப்பா, ஊன்றிக்கொள்ளுங்கள்" என்று கையில் திணித்துவிடுகின்றோம். அது அவருக்கு நீளமா, குட்டையா, வழுக்குமா, வலிக்குமா என்பது நம் சிந்தனைக்கு வருவதில்லை. சில நாட்களில் தடி கதவிடுக்கில் போய் நிற்கிறது. பெரியவர் கட்டிலோடு கிடக்கின்றார்.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. நடக்க இயலாதவருக்கு நம் மார்க்கம் பல சலுகைகளை அளித்திருக்கின்றது. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். பள்ளிக்கு வர முடியாதவர் வீட்டில் தொழலாம். அப்படியிருக்க, அவருக்கு ஏற்ற ஊன்றுகோலை அமைத்துக் கொடுப்பது அவரைச் சுற்றி வாழும் நம் மீது கடமையா, அல்லது விரும்பினால் செய்யும் உபகாரமா? மேலோட்டமாகப் பார்த்தால் சிறிய விஷயம். ஆழ்ந்து நோக்கினால், அண்டை வீட்டாருக்கும் பெற்றோருக்கும் நாம் செலுத்த வேண்டிய ஹக்கு முழுவதும் இதில் அடங்கியிருப்பதைக் காணலாம்.

தடி ஊன்றுவது தவக்குலுக்கு விரோதமா?

முதலில் ஒரு தயக்கத்தை நீக்கிவிடுவோம். "அல்லாஹ் தாங்குவான், எனக்கு எதற்குத் தடி?" என்று கூறும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. சொல் அழகானதுதான். ஆனால் மூஸா (அலை) அவர்களைவிட அல்லாஹ்வின் மீது உறுதி கொண்டவர் நம்மில் யார்? தாம் தடி மீது சாய்வதாக அல்லாஹ்வின் சந்நிதியிலேயே அவர்கள் ஒளிவு மறைவின்றிக் கூறினார்கள். அதற்காக இறைவன் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அதைக் கீழே போடச் சொன்னான், பாம்பாக்கினான், மீண்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னான், அதே தடியாக்கிக் கொடுத்தான். தடியைத் தடியாக வைத்திருப்பதும் அவன் வல்லமையே என்பதை உணர்ந்தவர், அதை ஊன்றுவதால் ஈமானில் குறைந்துவிடுவதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவன் மீது பாரம் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்ததாகத் திர்மிதீயில் வரும் செய்தியும் இதையே நமக்கு உணர்த்துகின்றது.

இன்னொரு தயக்கம் வெட்கம். தடி பிடித்தால் கிழவர் என்பார்கள், நொண்டி என்பார்கள் என்ற கூச்சம். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பெண்ணுக்கு வரன் பார்க்க வருகையில், அவளுடைய ஊன்றுகோலை அடுக்களையில் ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. ஒளித்தது ஒரு கோலை மட்டுமன்று; அவள் எழுந்து நிற்கும் உரிமையையும் சேர்த்தே ஒளித்துவிடுகின்றோம். இந்தியா போலியோ இல்லாத நாடாக 2014ம் ஆண்டு மார்ச் மாதம் அறிவிக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அதற்கு முன் அந்நோய் கண்டவர்கள் இன்றும் நம் மஹல்லாக்களில் வாழ்கின்றனர் என்பதை மறந்துவிடலாகாது.

வெட்கப்படுவோர் ஒன்றைச் சிந்திக்கட்டும். வெள்ளிக்கிழமை தோறும் நம் ஊர்ப் பள்ளிகளில் மிம்பரில் ஏறும் கத்தீபின் கையில் இருப்பது என்ன? அஸா என்று நாம் கண்ணியத்தோடு அழைக்கும் ஊன்றுகோல்தானே! நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆவில் கைத்தடியிலோ வில்லிலோ ஊன்றி நின்று குத்பா நிகழ்த்தியதைத் தாம் கண்டதாக ஹகம் இப்னு ஹஸ்ன் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மிம்பரில் கண்ணியமாகக் காட்சி தருவது, தெருவில் மட்டும் எப்படி இழிவாகும்?

முதுமைக்கு மருந்தில்லை, துணை உண்டு

நாங்கள் நோய்க்குச் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் சிலர் வினவியபோது, செய்துகொள்ளுமாறும், எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் படைத்திருப்பதாகவும், ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இல்லை, அதுதான் முதுமை என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கின்றார்கள். முதுமை மருந்தால் நீங்காது என்றால், அதைச் சுமப்பவருக்கு எஞ்சியிருப்பது துணை ஒன்றே. மனிதத் துணை, மனிதர் இல்லாத வேளையில் ஒரு கோலின் துணை. மருத்துவர் கைவிட்ட இடத்தில் நம் பொறுப்பு தொடங்குகின்றது என்றே இதிலிருந்து விளங்குகின்றது.

நாயகம் (ஸல்) அவர்களின் திருவாழ்விலேயே இதற்குச் சான்று இருக்கின்றது. அன்னாருக்கு வயது கூடி, உடல் கனத்தபோது, தொழுமிடத்தில் ஒரு தூணை அமைத்துக்கொண்டு அதன் மீது ஊன்றிக்கொண்டார்கள் என்று உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்கள் கூறிய செய்தி அபூதாவூதில் வருகின்றது. இதை எடுத்துரைத்தவர் வாபிஸா (ரலி) என்னும் முதிய ஸஹாபி. அவர்கள் கைத்தடியில் ஊன்றியபடியே தொழுதுகொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் அதுபற்றிக் கேட்டபோதுதான் இந்த ஹதீஸை ஆதாரமாகச் சொன்னார்கள்.

அர்பஜா (ரலி) என்ற ஸஹாபியின் வரலாறு இன்னும் கவனிக்கத் தக்கது. இஸ்லாத்திற்கு முன் நடந்த குலாப் போரில் அவர் தம் மூக்கை இழந்தார். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. தங்கத்தால் செய்து பொருத்திக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்பது நாம் எல்லோரும் அறிந்த சட்டம். ஆயினும், "உனக்கு விதித்தது இவ்வளவுதான், பொறுத்துக்கொள்" என்று அவரைத் திருப்பியனுப்பவில்லை. பொருந்தாத சாதனத்தை மாற்றிப் பொருந்தும் சாதனத்தைக் கொடுக்கும்படி வழிகாட்டினார்கள். ஒருவருக்குக் கொடுத்த உதவிச் சாதனம் அவருக்குப் பொருந்தவில்லை என்றால், குறை சாதனத்தில் இருக்கின்றதே தவிர மனிதரிடத்தில் இல்லை என்னும் பாடத்தை நாம் இதிலிருந்து பெறுகின்றோம்.

சலுகை யாருக்கு?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழும்படியும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் நபி (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. இதிலிருந்து மார்க்க மேதைகள் ஒரு நுட்பமான மஸ்அலாவை எடுத்துரைத்துள்ளனர். சுவரிலோ கைத்தடியிலோ சாய்ந்தேனும் நிற்க முடிந்தவர், பர்ளுத் தொழுகையில் அவ்வாறு சாய்ந்து நிற்பதே சரி என்று ஹனபீ, ஷாபிஈ இரு மத்ஹபுகளின் சட்ட நூல்களிலும் காண்கின்றோம். கடுமையான வருத்தமோ, நோய் கூடிவிடும் என்ற பயமோ, விழுந்துவிடும் அச்சமோ இருப்பின் உட்கார்ந்து தொழ அனுமதி உண்டு. அவரவர் நிலைக்குரிய தீர்ப்பை உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்க.

இந்தச் சட்டத்தின் உட்பொருளைச் சற்றுச் சிந்தியுங்கள். நேற்று வரை உட்கார்ந்து தொழுத ஒருவர் இன்று நின்று தொழுகின்றார். இவ்விரு நாட்களுக்கும் இடையே அவர் உடம்பில் எந்த மாற்றமும் இல்லை. அவர் கைக்கு ஏற்ற ஒரு தடி வந்தது, அவ்வளவே. அப்படியானால் நேற்று வரை அவருடைய இயலாமை எங்கே இருந்தது? பாதி அவர் காலில் இருந்தது. மறு பாதி நம் அலட்சியத்தில் இருந்தது. அவர் காலில் இருந்த பாதிக்கு அல்லாஹ் அவரை மன்னித்துச் சலுகை கொடுத்துவிட்டான். நம் அலட்சியத்தில் இருந்த பாதிக்கு யார் பதில் சொல்வது?

இங்கே ஒருவர் மறுத்துக் கேட்கலாம்: "நோயாளிக்கு, அவர் சுகமாக இருந்தபோது செய்த அமலின் நன்மை அப்படியே எழுதப்படும் என்று ஹதீஸ் இருக்கின்றதே! உட்கார்ந்து தொழுதாலும் அவருக்கு முழுக்கூலி கிடைக்குமே! பின் தடி எதற்கு?" அபூமூஸா (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸ் உண்மையானது, புகாரியில் உள்ளது. ஆனால் அது நோயாளிக்குச் சொல்லப்பட்ட நற்செய்தி. அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு வழங்கப்பட்ட விடுமுறை அன்று.

தண்ணீர் கிடைக்காதவனுக்குத் தயம்மும் ஆகுமாக்கப்பட்டிருக்கின்றது. தயம்மும்தான் இருக்கின்றதே என்று ஒருவன் தன் கிணற்றைப் பூட்டி வைத்துக்கொண்டால் அவனைப் பற்றி என்ன சொல்வோம்? வழிப்போக்கனின் தொழுகை கூடிவிடும். பூட்டியவன் மாத்திரம் குற்றவாளியாவான். தன் தேவைக்கு மிஞ்சிய தண்ணீரைப் பயணிக்கு மறுத்தவனை மறுமையில் அல்லாஹ் ஏறிட்டும் பார்க்க மாட்டான் என்ற எச்சரிக்கை ஹதீஸில் வந்திருப்பதை நாம் அறிவோம். சலுகை என்பது சிரமத்தில் இருப்பவருக்கு இறைவன் திறந்த வாசல். சிரமத்தை நீக்கக் கூடியவர்கள் அந்த வாசலில் நுழைந்து தப்பிவிட முடியாது.

பார்வையற்ற ஒரு ஸஹாபி, தம்மைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல வழிகாட்டி இல்லை என்று கூறி வீட்டில் தொழ அனுமதி கேட்டார். முதலில் அனுமதித்த நாயகம் (ஸல்) அவர்கள், பாங்கோசை கேட்கின்றதா என்று வினவி, ஆம் என்றதும் அதற்குப் பதிலளிக்கும்படி கூறினார்கள் என்று முஸ்லிம் கிரந்தத்தில் வருகின்றது. பார்வை மங்கிய மற்றொரு ஸஹாபியான இத்பான் இப்னு மாலிக் (ரலி), மழைக் காலத்தில் ஓடை பெருகி வழியை அடைத்துக்கொள்வதாக முறையிட்டபோது, நாயகம் (ஸல்) அவர்களே அபூபக்கர் (ரலி) அவர்களுடன் அவர் இல்லத்திற்கு எழுந்தருளித் தொழுது கொடுத்தார்கள். இவ்விரு ஹதீஸ்களிலிருந்தும் சட்ட மேதைகள் எடுக்கும் முடிவுகள் ஒருபுறம் இருக்கட்டும். இருவரும் முறையிட்டது எதைப் பற்றி? கண் தெரியவில்லை என்பதோடு நிற்கவில்லை. ஒருவர் வழிகாட்டி இல்லை என்றார். மற்றவர் பாதை சரியில்லை என்றார். இரண்டும் சுற்றியிருப்பவர்களால் தீர்க்கக் கூடியவை. டில்லி ஐ.ஐ.டி.யில் உருவாகி 2014ல் வெளிவந்த ஸ்மார்ட் கேன் என்னும் சாதனம், பார்வையற்றோரின் வெள்ளைக் கோலில் பொருத்தப்பட்டு, எதிரே தொங்கும் கிளையையும் நிற்கும் வண்டியையும் கேளா ஒலி அலையால் அறிந்து, அதிர்வின் மூலம் கைக்கு உணர்த்துகின்றது. வழிகாட்டி இல்லை என்ற முறையீட்டுக்கு நம் காலத்தில் மனிதர் தேடிய விடைகளில் அதுவும் ஒன்று.

ஒவ்வொருவருக்கும் உரிய அளவு

நீதி என்பது ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்பது. அநீதி என்பது இடம் மாற்றி வைப்பது என்று நம் பெரியார்கள் விளக்கம் கூறுவர். எல்லாருக்கும் ஒரே அளவுத் தடியைக் கொடுப்பது சமத்துவம் போலத் தோன்றும். உயரமானவருக்கும் குட்டையானவருக்கும், வலக்கால் பழுதானவருக்கும் இடக்கால் பழுதானவருக்கும், விரல் மடங்காத மூட்டு நோயாளிக்கும் அது ஒன்றாகவே இருக்குமானால், அங்கே நீதி இல்லை. எனவேதான் தேவைக்கேற்ப மாற்றியமைக்கக் கூடிய தடி வேண்டும் என்கின்றோம். எல்லாக் காரியத்திலும் இஹ்ஸானை, அதாவது செம்மையாகச் செய்வதை, அல்லாஹ் விதித்திருப்பதாக ஹதீஸ் கூறுகின்றது. தடி செய்பவருக்கும், வாங்கித் தருபவருக்கும் அந்த இஹ்ஸானின் விவரம் இதோ:

முதலாவது, உயரம். ஊன்றுபவர் தாம் வழக்கமாக அணியும் செருப்போடு நிமிர்ந்து நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை உள்ளதே தடியின் அளவு. பிடித்து நிற்கையில் முழங்கை சற்றே, அதாவது 15 முதல் 30 பாகை வரை, மடங்கியிருக்கும். தடி நீளமானால் தோள் தூக்கிக்கொண்டு பாரத்தை அதில் இறக்க முடியாது. குட்டையானால் முதுகு கூனி வலி காணும். அலுமினியக் குழாயில் துளைகளிட்டு, பொத்தானை அழுத்தி நீட்டவும் குறுக்கவும் கூடிய தடிகள் இப்போது மருந்துக்கடைகளிலும் கிடைக்கின்றன. பள்ளியில் செருப்பைக் கழற்றியதும் தடி உயரமாகத் தோன்றினால் ஒரு துளை இறக்கிக்கொள்ளலாம். பொத்தான் துளையில் நன்றாகப் பதிந்து வெளியே தெரிகின்றதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

இரண்டாவது, எந்தக் கை என்பது. பழுதான காலின் பக்கமே தடியைப் பிடிப்பவர்கள் அநேகர். அது தவறு. எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு கணமும், இடுப்புச் சாய்ந்துவிடாமல் அப்பக்கத் தசைகள் பலமாக இழுத்துப் பிடிக்கின்றன. அதனால் இடுப்பு மூட்டின் மீது உடல் எடையைப் போல் இரு மடங்குக்கும் அதிகமான பாரம் விழுகின்றது. எதிர்க் கையால் தடியை ஊன்றினால் சிறு அழுத்தமே அப்பாரத்தைப் பெருமளவு குறைத்துவிடும். அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுண்ட், கைத்தடியை எறிந்துவிடாதீர் என்னும் பொருள்படும் தலைப்பிலேயே 1956ல் இதுபற்றிக் கட்டுரை எழுதினார். வலக்கால் பழுதானவர் தடியை இடக்கையில் பிடிப்பது மரியாதைக் குறைவு என எண்ண வேண்டாம், இது தேவையின்பாற்பட்டது. படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் பழுதான காலும் முதலில் என்பதையும் நினைவில் வைக்கவும்.

மூன்றாவது, பிடி. வளைந்த பழைய பிடிக்கு ஒரு நன்மை உண்டு. ஒளூச் செய்கையில் முன்கையில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். ஆனால் பாரம் முழுவதையும் தாங்க அது ஏற்றதன்று. அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்து, பாரம் நேராகத் தண்டின் மீது இறங்கும்படி அமைந்த பிடி அதற்கு உகந்தது. விரல் மூட்டு வீங்கியவருக்குப் பருத்த, மெத்தென்ற பிடி வேண்டும்.

நான்காவது, அடி. தடியின் உயிரே அதன் நுனியிலுள்ள ரப்பரில் இருக்கின்றது. தேய்ந்து வழவழப்பான ரப்பர், ஹவுளருகே ஈரமான தரையில் ஆளையே வீழ்த்திவிடும். சுலைமான் (அலை) அவர்கள் ஊன்றி நின்ற தடியைக் கறையான் அரித்தபோதுதான் அன்னார் வபாத்தான செய்தி ஜின்களுக்குத் தெரிந்தது என்று குர்ஆன் கூறுகின்றது. ஜின்களுக்கு மறைவான ஞானம் இல்லை என்பதை உணர்த்த வந்த சம்பவம் அது. ஆயினும், எத்தகைய ஊன்றுகோலும் அரிமானத்திற்குட்பட்டதே என்பதும் அதில் தெரிகின்றது. மாதம் ஒருமுறை ரப்பரைத் திருப்பிப் பாருங்கள். நான்கு கால்களுள்ள தடி தானே நிற்கும். அதிக ஆதாரம் தரும். ஆனால் கனம் கூடியது. நான்கு கால்களும் ஒருசேரத் தரையில் பதியாவிடில் ஆட்டம் காணும்.

கேட்டுச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. காலிழந்தோருக்கு மேல்நாட்டு முறையில் செய்த செயற்கைக் கால், பூட்ஸுக்குள் அடங்கும்படி அமைந்திருந்தது. நம் மக்களோ தரையில் சம்மணமிட்டு அமர்பவர்கள், குந்தி உட்காருபவர்கள், வெறுங்காலுடன் சேற்றிலும் நடப்பவர்கள். 1968ல் ஜெய்ப்பூரில், பெரிய படிப்பில்லாத கைவினைஞரான ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து, இவ்வாழ்க்கைக்கு இசைந்த ரப்பர்க் காலை உருவாக்கினர். ஜெய்ப்பூர் கால் என்று உலகம் அதை அறியும். மனிதர் சாதனத்திற்கு இசைவதை விடுத்து, சாதனம் மனிதருக்கு இசைந்தது.

பள்ளிவாசலில்

தொழுகையாளிக்கு வேண்டிய தடி, கடைத்தெருவுக்குச் செல்பவரின் தடியைப் போன்றதன்று. ருகூஉக்குக் குனிகையில் அதை எங்கே வைப்பது? ஸுஜூது செய்யும் இடத்தில் கிடந்தால் நெற்றி தடைப்படும். பக்கத்தில் வைத்தால் ஸஃபில் இருப்பவர் காலில் இடறும். சாய்த்து வைத்தால் நடுத் தொழுகையில் சடாரென விழும். சுவரோரம் அல்லது தூணோரம், ஸஃபின் கடைசியில் அவருக்கென ஓர் இடத்தை விட்டுக்கொடுத்தால் இச்சிரமம் பெரிதும் நீங்கிவிடும். மடித்து வைக்கக் கூடிய தடியும் உதவும்.

தரையிலிருந்து எழுகையில் ஒற்றைக் கோலை மட்டும் பற்றி இழுத்தெழுவது ஆபத்து, அது சறுக்கும். நடுவில் இரண்டாவது கைப்பிடி அமைந்த தடிகள் உண்டு. அவற்றைவிட, அசையாத சுவர்ப் பிடியே நம்பகமானது.

தெருவில் ஊன்றிய தடியின் நுனியில் நஜீஸ் பட்டிருக்குமே என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். சுளித்த முகத்தைக் கண்டே பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்ட பெரியவர்கள் உண்டு. பரிகாரம் எளிது. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வைத்தால் நுனியைக் கழுவித் துடைத்துக்கொள்ளலாம். தலை மறைக்காமல் வருவோருக்காகத் தொப்பிக் கூடை வைத்திருக்கும் பள்ளிகள் எத்தனையோ! அதனருகில், உள்ளே மட்டும் உபயோகிக்க உயரம் மாற்றக்கூடிய நான்கு சுத்தமான தடிகளை வைக்கலாகாதா?

பிள்ளைகள் கவனத்திற்கு

அன்பின் பெயராலேயே பெற்றோரை முடக்கிவிடும் பிள்ளைகள் இருக்கின்றனர். "வாப்பா, நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள்? வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள்" என்பர். அம்ர் இப்னுல் ஜமூஹ் (ரலி) கால் ஊனமுற்றவர். உஹதுப் போருக்கு அவர் புறப்பட்டபோது, அவருக்கு விலக்கு உண்டென்று சொல்லிப் புதல்வர்கள் தடுத்தனர். அவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். அவருக்கு விலக்கு இருப்பதைக் கூறிய நாயகம் (ஸல்) அவர்கள், அவரைத் தடுக்க வேண்டாமென்று புதல்வர்களிடமும் சொன்னார்கள். அவர் சென்று ஷஹீதானார். விலக்கு அவருக்குரியது, அதை ஏற்பதும் விடுவதும் அவர் விருப்பம். பிள்ளைகள் அவர் சார்பில் முடிவெடுக்க அதிகாரமில்லை.

வெளியே செல்லாத உம்மாவையும் பெத்தம்மாவையும் இதில் மறந்துவிட வேண்டாம். இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியிலுள்ள வாசற்படி, சுருண்ட பாய், சொட்டும் குழாயடி இவையே அவர்களை வீழ்த்துபவை. பாதையை ஒழுங்குபடுத்தாமல் தடியை மட்டும் கொடுத்துப் பயனில்லை. வறிய பெற்றோரின் ஜீவனச் செலவு வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை என்பது ஏகோபித்த முடிவு. அவர்கள் எழுந்து ஒளூச் செய்யவும், தொழவும், மானத்தோடு கழிப்பறை செல்லவும் தேவையான தடியும் அதில் அடங்கும் என்று கருதுவதே நியாயம். ஆகவே, பிள்ளைகளைப் பொறுத்தவரை இது உபகாரமன்று, கடமையே.

ஜமாஅத்தின் பொறுப்பு

பிள்ளைகள் இல்லாதவருக்கு? அவருக்கு ஜமாஅத்தே பிள்ளை. கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சிக் காலம் 705–715) நடக்க இயலாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும், பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் நியமித்ததாக வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகின்றார். ஒரு மஹல்லாவுக்கு அவ்வளவு இயலாது. அளவெடுத்து ஒரு தடி வாங்கித் தருவது நிச்சயம் இயலும்.

கான்பூரில் 1972ல் நிறுவப்பட்ட அலிம்கோ என்னும் மத்திய அரசு நிறுவனம் இத்தகைய சாதனங்களைத் தயாரிக்கின்றது. வருமானம் குறைந்த, 60 வயது கடந்தோருக்குக் கைத்தடி, முழங்கை ஊன்றுகோல், நடைச் சட்டம், காதுக் கருவி முதலியவற்றை இலவசமாக வழங்கும் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தை மத்திய அரசு 2017 ஏப்ரலில் தொடங்கியது. விண்ணப்பம் எழுதத் தெரியாத பெரியவருக்கு, படித்த வாலிபர் ஒருவர் அரை நாள் ஒதுக்கினால் போதும். ஒருவரைத் தன் வாகனத்தில் ஏற்றிவிடுவதும் ஸதகா என்று ஹதீஸ் கூறுகையில், ஒருவரைத் தன் சொந்தக் கால்களில் நிறுத்துவது ஸதகாவாகாமல் போகுமா?

இரண்டு மஸ்அலாக்களைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தகுதியுள்ள ஏழைக்கு ஜக்காத்திலிருந்து தடி வாங்கி அவருக்கே உடைமையாக்கிக் கொடுக்கலாம். பள்ளியில் பொதுவாக வைக்கும் தடிகளை ஸதகாவிலிருந்தே வாங்க வேண்டும். அடுத்து, மெளத்தானவரின் ஊன்றுகோல் பரண் மேல் தூங்குவதை எல்லா வீடுகளிலும் காணலாம். உயரம் மாற்றக்கூடிய தடியானால் அது வேறொருவருக்கு உடனே உதவும். ஆனால் அதுவும் மீராஸுப் பொருள். வயதுவந்த வாரிசுகள் அனைவரும் மனமொப்பிய பிறகே கொடுக்க வேண்டும். சிறு பிள்ளைகளின் பங்கு அதில் இருந்தால் அதை ஈடுசெய்ய வேண்டும். இவ்வாறு கொடுக்கப்பட்ட தடியை ஊன்றி ஒருவர் தொழ நிற்கும் காலமெல்லாம், அதன் நன்மை மர்ஹூமுக்குச் சேரும் என்று ஆதரவு வைக்கலாம்.

ஆக, நாம் எழுப்பிய கேள்விக்கு விடை இதுவே. சலுகை இயலாதவருக்கு, முயற்சி இயன்றவர்களுக்கு. அவர் உட்கார்ந்து தொழுதால் அவர் மீது குற்றமில்லை. அவரை எழுப்பி நிறுத்த நம்மால் ஆகும் ஒன்றைச் செய்யாமல் நாம் முதல் ஸஃபில் நின்று தொழுதால், நம்மைப் பற்றித்தான் நாம் அஞ்ச வேண்டியிருக்கின்றது. வரும் ஜும்ஆவுக்கு முன், பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவரின் வீட்டுக்குச் சென்று ஸலாம் கூறுங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டபின் அளவெடுங்கள்.

முதுமையையும் தள்ளாமையையும் நமக்கும் எழுதி வைத்திருக்கும் அல்லாஹுத்தஆலா, நம் பெரியவர்களின் ஹக்கை உணர்ந்து நடக்கும் தவ்பீக்கை நமக்குத் தந்து, நாம் தளரும் நாளில் நம்மைத் தாங்கும் கரங்களையும் ஏற்படுத்தித் தந்தருள்வானாக! ஆமீன்.